ரோமாபுரி வயிறும் லுணுகலை அரிசியும்

பழைய ரோமாபுரிச் சரித்திரத்தால் இந்தக் காலத்தில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று சொல்பவர்களை என்னிடம் அனுப்பி வையுங்கள். என் முதல் உத்தியோகம் ஒரே காலையில் போனது அந்தச் சரித்திரத்தால்தான்.

பதுளையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ரோமாபுரியின் ஏழு குன்றுகளையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வகுப்பு ஜன்னலில் தெரிந்த மலைக்கு என்ன பெயர் என்று தெரியாது. (பரீட்சையில் அதைக் கேட்கவில்லை.) பஜாரில் துணிக்கடை வைத்திருந்த என் வாப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

"ரோமாபுரிக்காரன் நம்மட கடைக்கு வந்து சாரமும் சீலையுமா வாங்கப் போறான்?"

நாகரிகம் அறியாத மனிதர் என்று அவரை மன்னித்துவிட்டு, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்கராகச் சேர்ந்தேன்.

சில மாதங்களில், தோட்டத்தில் தொழிலாளருக்குக் கொடுத்த அரிசியில் புழு நெளிய ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்த சனம், கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் சொன்னார்.

"நீ படித்தவன். போய்ப் பேசு."

எனக்குப் புல்லரித்தது. இதே கதைதானே ரோமாபுரியிலும் நடந்தது! ஏழைகள் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய் ஒரு குன்றில் உட்கார, பிரபுக்கள் அனுப்பிய பேச்சாளர் ஒரு கதை சொல்லியே திருப்பி அழைத்து வந்தார். இங்கே குன்று இருந்தது, சனம் இருந்தது, பேச்சாளரும் தயார். (அரிசியை நான் கணக்கில் எடுக்கவில்லை. சரித்திரத்தில் அப்படிச் சில்லறை விஷயங்கள் வராது.)

தேயிலைப் பெட்டியொன்றின் மேல் ஏறி நின்றேன்.

"ஒரு காலத்துல கையும் காலும் வயித்து மேல கோவிச்சுக்கிச்சு. நாங்க பாடுபடுறோம், இது சும்மா உக்காந்து திங்குதுன்னு வேலைய நிறுத்திருச்சு. வயிறு காஞ்சுச்சு, கையும் காலும் சேந்தே சோந்து விழுந்துச்சு. ஏன்னா, வயிறுதான் எல்லாத்துக்கும் ரத்தம் அனுப்புது. அந்த வயிறு யாரு? நம்ம தொரை!"

எல்லோரும் துரையின் வயிற்றைப் பார்த்தார்கள். துரதிர்ஷ்டவசமாக, அது பார்க்கும்படியாகவே இருந்தது. தமிழ் புரியாத துரையோ, பேச்சு பலித்துவிட்டதென்று புன்னகை செய்தார்.

முன்வரிசையில் இருந்த, கொழுந்து பறிக்கும் கறுப்பாயி சொன்னாள்: "வயிறு நல்லாத்தான் இருக்குங்க. எங்களுக்கு வர்ற ரத்தத்துலதான் புழு இருக்கு."

களமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு நான் பெட்டியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். அதற்குள் அவள் கேட்டாள்: "ஏங்கய்யா, அந்த ஊரு சனம் சும்மாவா எறங்கி வந்துச்சு?"

புத்தி உள்ளவன் ஆமாம் என்றிருப்பான். நான் சரித்திரத்தில் பரிசு வாங்கியவன்.

"சும்மா எப்படி வரும்? எங்களுக்காகப் பேச எங்க ஆளு ஒருத்தர் வேணும், அவரு மேல எந்தப் பெரிய மனுசனும் கை வைக்கக் கூடாதுன்னு கேட்டு வாங்கிட்டுத்தான் வந்துச்சு."

களத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கறுப்பாயி எழுந்தாள்.

"அப்ப எங்களுக்கும் ஒரு ஆளு வேணும். நீங்களே இருங்க. ஒங்களுக்குத்தான் வெவரம் தெரியுது."

சனம் ஆமோதித்துக் கைதட்டியது. துரை அருகே வந்தார்.

"என்ன சொன்னாய்?"

"ரோமாபுரிக் கதை, சேர். வயிறும் கைகால்களும்."

அவர் முகம் மலர்ந்தது. அவரும் சிறுவயதில் படித்த கதை. "பிரமாதம்! எதுவரை சொன்னாய்?"

"கடைசி வரை, சேர்."

மலர்ந்த முகம் அப்படியே வாடிப்போனது. "முட்டாளே! அதைப் பாதியில் நிறுத்த வேண்டும் என்று உன் வாத்தியார் சொல்லித் தரவில்லையா?"

அன்று மத்தியானத்துக்குள் அரிசி மூட்டைகளை மாற்றினார்கள். கிளாக்கரையும் மாற்றினார்கள். ஆனாலும் துரை ரோமாபுரிச் சட்டத்தை மதித்தார்: என்மேல் கை வைக்கவில்லை. பதுளைக்குப் புறப்பட்ட மாட்டு வண்டியைக் கையால் காட்டினார், அவ்வளவுதான்.

இப்போது வாப்பாவின் கடையில் துணி அளக்கிறேன். தீபாவளிக்கு அந்தத் தோட்டத்துச் சனம் மற்றக் கடைகளையெல்லாம் தாண்டி, "வயித்துக்கத மொதலாளி கட எதுங்க?" என்று விசாரித்துக்கொண்டு வருகிறது. வீட்டிலும் விமோசனம் இல்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் போதும் (என் வயிறும் துரையுடையதை எட்டிப் பிடித்துவிட்டது), என் மனைவி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்:

"புள்ளைகள், வயிறு வந்துட்டு! கையும் காலும் ஓடி வந்து குந்துங்க, இல்லாட்டி ஒண்டும் மிஞ்சாது!"