நலம்பாடியில் ‘லாம்’ ஒழிந்த கதை

வரைபடத்தை மடித்தால் மடிப்பு விழும் இடத்தில் நலம்பாடி என்றொரு நாடு இருந்தது. மடிப்பில் இருந்ததால் அதன்மேல் படையெடுத்து யாரும் வரவில்லை. அந்தக் குறையை அந்நாட்டு மன்னரே தீர்த்துவைத்தார்.

குடிமக்களின் நலம் காக்கக் கடல் கடந்து ஒரு பொறியை வரவழைத்தார். கிண்ணத்தில் துப்பிய எச்சிலைப் பார்த்தே அது மரபணுவைப் படித்து, யாருக்கு எந்த நோய் என்று சீட்டு எழுதித் தந்தது. பொறியைக் குறை சொல்லக் கூடாது, பாவம். அடக்கமான பொறி. ‘வரலாம்’, ‘வராமல் இருக்கலாம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாது. வினை வந்தது சீட்டுத் துறை அமைச்சர் மதிவாணரிடமிருந்து.

“அரசாணையில் ‘லாம்’ இடம்பெறுவதா? ‘மன்னரை வணங்கலாம்’ என்று எழுதினால் எவன் வணங்குவான்?” என்றார் அவர்.

எழுத்தர்கள் அன்றே கத்தியோடு உட்கார்ந்து சீட்டுகளைச் சுரண்டினார்கள். ‘வரலாம்’ என்பது ‘வரும்’ ஆனது. ‘வராமல் இருக்கலாம்’ என்பது ‘வராது’ ஆனது.

கோட்டைவாசலில் வடை சுட்டு விற்ற பூவாயிக்கு ‘இதய நோய் வரும்’ என்று சீட்டு வந்தது. நாலு படி உளுந்தை ஒரே மூச்சில் ஆட்டுகிற பெண்பிள்ளை! நோய் ‘வரும்’ என்றிருப்பவர் வேலையில் நீடிக்கக் கூடாது என்று மன்னர் சட்டம் போட்டார். அவள் கடைக்கு முத்திரை வைத்து, அவளைப் படுக்கையில் படுக்கச் சொன்னார்கள். அகழியில் பரிசல் தள்ளும் அவள் கணவன் சடையாண்டிக்குச் ‘சர்க்கரை நோய் வராது’. வராதவர்கள் தினம் ஓர் அச்சு வெல்லம் தின்று சீட்டின்மேல் நம்பிக்கை காட்ட வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. அவனும் தின்றான்.

ஆறே மாதத்தில் அவனுக்கு ஓயாத தாகம். காலில் பட்ட சின்னக் காயம் ஆறவே இல்லை. பூவாயி படுக்கையை உதறிவிட்டு மருத்துவச் சாலைக்கு ஓடினாள்.

“ஐயா, அவரு ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குதுங்க. இது சக்கரைதாங்க!”

“எறும்புக்குச் சீட்டு வழங்கப்பட்டுள்ளதா?” என்று கேட்டார் கண்காணிப்பாளர். “சீட்டில் இல்லாத நோய் உடம்பில் இருப்பது சட்டவிரோதம். புண்ணை உடனே ஆறச் சொல்லுங்கள்.”

“நாசமாப் போக உங்க சீட்டு!” என்று வயிறெரிந்து திரும்பினாள் பூவாயி.

மன்னர் தம் பிறந்தநாளில், ஊருக்கு முன்மாதிரியாகத் தங்கக் கிண்ணத்தில் துப்பினார். ‘மறதி வரலாம்’ என்றது பொறி. எழுத்தர் பழக்கதோஷத்தில் சுரண்டிவிட்டார். ‘மன்னருக்கு மறதி வரும்’ என்று கோட்டைச் சுவரில் ஒட்டியும் ஆயிற்று. அவர் போட்ட சட்டப்படி அவரே வீட்டுக்குப் போக வேண்டும்.

மதிவாணர் அரை நாழிகையில் வழி கண்டார்.

“இன்று முதல் ‘லாம்’ மன்னரின் தனிச்சொத்து. அவருக்கு எதுவும் வரலாம், வராமலும் இருக்கலாம். குடிமக்களுக்கு வரும் அல்லது வராது. ‘லாம்’ என்று வாயால் உச்சரிப்பவருக்குச் சிறை.”

காவலர்கள் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தார்கள். “பூ எல்லாம் வாடிப்போச்சு” என்று புலம்பிய பூக்காரரைப் பிடித்தார்கள், அதிலும் இருக்கிறதே! மன்னருக்குச் சலாம் சொன்ன தளபதியும் உள்ளே போனார். வீடுகளில் “சாப்பிடலாமா?” என்று கேட்க வழியின்றிச் சோறு ஆறியது.

சடையாண்டியின் கட்டைவிரல் கறுத்துவிட்டது. பூவாயி அவனைப் பரிசலில் கிடத்தி, தானே தள்ளிக்கொண்டு மறுபடி மருத்துவச் சாலைக்குப் போனாள். அங்கே அமுதன் என்று ஓர் இளம் மருத்துவர் இருந்தார். அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலைப் பார்த்தார்.

“விரலை இன்னைக்கே எடுத்தாகணும்மா.”

“எடுத்தா பொழச்சுக்குவாரா?”

பிழைப்பார் என்று அடித்துச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பிழைக்க மாட்டார் என்பதும் உண்மையில்லை. “பொழைக்க…” என்று தொடங்கி வாசலைப் பார்த்தார். காவலர் ஒருவர் தடியோடு நின்றிருந்தார்.

பூவாயிக்குப் பொறுக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தானே அகழியைத் தாண்டி வந்தாள்!

“பாதியில நிறுத்தினா நான் எதைப் புடிச்சுக்கிட்டு உக்காருவேன்? முழுசாச் சொல்லுங்கய்யா! பொழைக்கலாம்! பொழைக்கலாம்! லாம்! லாம்! லாம்!”

கட்டில் கட்டிலாகப் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். காவலர் தடியை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் பூவாயியைத் தாண்டி மருத்துவரிடம் போய் நின்றார். தடியைச் சுவரில் சாய்த்தார்.

“எங்கம்மா மூணாவது கட்டில்ல கெடக்குதுங்க,” என்றார், குரலைத் தாழ்த்தி. “அதுவும் பொழைக்கலாமா?”