எல்லைக்கு நாலு மீட்டர்

"பத்து சதுர மீட்டர் சானாதானே, அனுமதியெல்லாம் வேண்டாம்," என்றாள் போனில் நகராட்சிக் கட்டட அலுவலகப் பெண்.

தௌனோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தோட்டத்தில் சொந்தக் கையால் கட்டிய சானா, அடுப்பில் கல்லைச் சுடவைத்து வேர்க்க வேர்க்கக் குளிக்கும் மர அறை. இன்றுதான் புகைபோக்கி பொருத்தினார். நாளை மறுநாள் நடுக்கோடைத் திருநாள். குவோபியோவிலிருந்து மாமனார் வீட்டார் ஒன்பது பேர் ரயிலேறி வருகிறார்கள். "இந்த வருஷம் என் சானாவுலதான் எல்லாருக்கும் வேர்க்கும்" என்று பனிக்காலத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

"பக்கத்து மனை எல்லைக்கு எவ்வளவு தூரம்?" என்றாள் அவள்.

தௌனோ ஓடிப்போய் வேலிவரை டேப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு மீட்டர்."

"நாலு இருக்கணுமே. பரவாயில்ல, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

தௌனோவுக்கு முகம் வெளுத்தது. பக்கத்து வீட்டு ஹுட்டுனென்னோடு அவருக்குப் பதினோரு வருஷப் பழக்கம். பழக்கம் என்றால், தபால் பெட்டியருகே பார்த்தால் தலையசைப்பது. ஒரு ஜனவரியில் ஹுட்டுனென் வாய் திறந்து "குளிர்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று தௌனோ இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதரின் வீட்டு மணியை அடித்து உதவி கேட்பதாவது.

"தள்ளி வச்சிடறேன்," என்றார்.

"எதை?"

"சானாவை."

மறுநாள் காலை மச்சினன் எஸ்கோ டிராக்டரோடு வந்தான். சானாவுக்கு அடியில் உருட்டுக்கட்டைகளைக் கொடுத்துச் சங்கிலியால் இழுத்தார்கள். சானா ஜோராக நகர்ந்தது. ஒரு மீட்டர் போனதும் பிர்ச் மரம் குறுக்கே நின்றது.

"வெட்டிடலாம் மச்சான்."

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று தௌனோ நகராட்சிக்குப் போன் போட்டார். "உங்க பேட்டையில மரம் வெட்டத்தான் அனுமதி வேணும். மூணு வாரம் ஆகும்," என்றாள் அவள். "கையெழுத்து கேட்டீங்களா?"

தௌனோ போனை வைத்துவிட்டார்.

மரத்தைச் சுற்றிக்கொண்டு இழுத்தார்கள். உருளைக்கிழங்குப் பாத்தி போயிற்று. சானாவின் வாசற்படி கழன்று விழுந்தது. சங்கிலியை நிறுத்துவதற்குள் சானா அரை வட்டம் அடித்து, சமையலறைச் சுவருக்கு ஒரு மீட்டரில் போய் நின்றது.

"வீட்டுக்கு ஒரு மீட்டர்லயா அடுப்பு?" என்றாள் மறுபடி போனில் அலுவலகப் பெண். "அப்ப தீத்தடுப்புச் சுவர் வேணும். அதுக்கு வரைபடம், மேற்பார்வையாளர் எல்லாம் வேணும். ஐயா, அந்தக் கையெழுத்து..."

மனைவி இர்மெலி சமையலறை ஜன்னலைத் திறந்தாள். எதிரே சானா, கைக்கெட்டும் தூரத்தில். "என்னங்க, பேசாம வீட்டைத் தள்ளி வச்சிடலாமா? டிராக்டர் இன்னும் நிக்குது."

"அதையும் யோசிச்சேன்," என்றார் தௌனோ.

வேறு வழியில்லாமல் சாயங்காலம் சானாவைப் பழைய இடத்துக்கே இழுத்து வந்தார்கள். புல்வெளி உழுத வயலாகியிருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தது. மத்தியானம் ரயில் வந்துவிடும். இர்மெலி அவர் கையில் ஒரு தட்டு ஏலக்காய் பன்னையும் காகிதத்தையும் திணித்து, வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினாள்.

"கையெழுத்தில்லாம வராதீங்க. இல்லேன்னா எங்கப்பாவுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

தௌனோ மணியை அடித்தார். உள்ளே யாரும் இருக்கக் கூடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். ஹுட்டுனென் கதவைத் திறந்தார். இருவரும் கொஞ்ச நேரம் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

"சானா," என்றார் தௌனோ.

"நேத்து பூரா பார்த்தேன். மூணு தடவை நகர்ந்துச்சு."

"எல்லைக்கு நாலு மீட்டர் இல்ல. உங்க கையெழுத்து வேணும்."

ஹுட்டுனென் காகிதத்தை வாங்கிப் படித்தார். எழுதாத பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அவர் காது மெல்லச் சிவந்தது.

"என் கையெழுத்து தேவையில்ல."

பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத் தௌனோ அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏன்?"

"நான் போட்ட வேலி உங்க நிலத்துக்குள்ள ரெண்டு மீட்டர் தள்ளி நிக்குது," என்றார் ஹுட்டுனென். "பதினோரு வருஷமா வந்து சொல்லிடணும்னுதான் பார்க்கறேன்."