ராகுகாலப் பொத்தான்

கம்ப்யூட்டரே தெரியாதவனால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்துவிடாது. அவன் அதன் பக்கமே போகமாட்டான். கொஞ்சம் தெரிந்தவன் இருக்கிறானே, அவனிடம்தான் பிள்ளைகளே, நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நான் கொஞ்சம் தெரிந்தவன்.

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ராமநாதபுரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் படித்தேன். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். (எங்கள் கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி போடவில்லை. என் மனைவி வள்ளி இதை இன்றுவரை மறக்கவில்லை.) அந்தச் சான்றிதழை நம்பி வாலிநோக்கத்தில் ஓர் உப்புக் கம்பெனி எனக்கு நாற்காலி கொடுத்தது. வரும் மெயிலை முதலாளிக்குப் படித்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை டைப் அடித்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. வீட்டில் நான் பேசிய பேச்சைக் கேட்டால் கம்பெனியே என் சுட்டுவிரலில் நிற்கிறது என்று நினைப்பீர்கள்.

எங்கள் முதலாளிக்கு ராகுகாலம் என்றால் ராகுகாலம்தான். லாரி கிளம்பாது, செக்கில் கையெழுத்து விழாது. ஒருமுறை ராகுகாலத்தில் ஒரு மெயில் போய், அந்த உப்பு லாரி வழியில் கவிழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து மெயிலும் போகக்கூடாது என்று உத்தரவு. நான் கை தவறி அனுப்பிவிடுவேனோ என்று அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்.

அந்தத் தொல்லை தாங்காமல் மெயில் பெட்டியைத் துழாவியபோதுதான் அந்தப் பொத்தான் கிடைத்தது. 'ஆஃப்லைன்' என்று எழுதியிருந்தது. ஒருமுறை அமுக்கினால் மெயில் எதுவும் வெளியே போகாது, உள்ளேயும் வராது. மறுபடி அமுக்கினால் பழையபடி ஓடும். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏலே கணேசா, ராகுவுக்கே கதவு வச்சுட்டியேடா!" என்று முதுகில் தட்டினார். அதன் பெயர் அன்றே ராகுகாலப் பொத்தான் ஆகிவிட்டது. தினமும் ராகுகாலம் தொடங்கும்போது ஓர் அமுக்கு, முடிந்ததும் ஓர் அமுக்கு. கோயில் மணி அடிப்பவனுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

இனி என் மகள் சுகன்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மற்ற பிள்ளைகள் கடற்கரைக்குக் காலை நனைக்கப் போவார்கள். இவள் வலையை உதறும் இடத்துக்குப் போவாள். யாரும் சீண்டாமல் மணலில் கிடக்கும் நட்சத்திர மீன், கடல்குதிரை, பெயர் தெரியாத பூச்சி புழுவெல்லாம் பொறுக்கி வந்து, என் டிபன் பாக்ஸில் உப்புத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வெளியூரில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். கடல் உயிரினங்களைப் பற்றிய படிப்பு. தேர்வானால் கட்டணமும் கிடையாது, விடுதியும் இலவசம். கட்டணம் கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

விண்ணப்பத்தில் மெயில் முகவரி கேட்ட இடத்தில் அவள் தன் போனில் இருப்பதைக் கொடுக்கப் போனாள். நான் விடவில்லை.

"போன்ல இருக்குறது விளையாட்டு மெயிலும்மா. கம்பெனி மெயில் குடு. அதுக்குத்தான் வெயிட்டு."

கொடுத்தாள். நானும் தினமும் மெயில் பெட்டியைப் பார்த்தேன். கல்லூரியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை முற்பகல், எடைமேடைக் கணக்கர் செய்யது மாமா டீயோடு என் மேசைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஜங்க் பெட்டியத் தொறந்து பாத்தியா மாப்ள?"

"அது குப்பை மாமா. அதக் கிளறுற பழக்கம் எனக்கில்ல."

"குப்பையிலதான மாப்ள தொலஞ்சது கெடைக்கும்?"

திறந்தேன். லாட்டரி விழுந்திருப்பதாகச் சொல்லும் மெயில்களுக்கு நடுவில் என் மகளுடைய எதிர்காலம் மல்லாந்து கிடந்தது. தேர்வாகிவிட்டாள். வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள், விண்ணப்பித்த அதே மெயிலிலிருந்து சான்றிதழ்களோடு சம்மதம் வர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

போன் போட்டேன். அந்தப் பக்கம் சந்தோஷத்தில் வள்ளி அழுகிறாள், சுகன்யா கத்துகிறாள். கத்தி முடித்து, "அய்யா, இப்பவே வந்து சான்றிதழை எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னைக்கே அனுப்பிருங்க" என்றாள்.

"இன்னைக்கு மதியம் ராகுகாலம் வந்துரும்மா. நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில நல்ல நேரம் இருக்கு. சாமி கும்பிட்டு அனுப்பிக்கிருவோம்."

 அவள், "சரிய்யா" என்றாள். (அந்த 'சரிய்யா' இருக்கிறதே பிள்ளைகளே, உங்கள் அப்பா ஏதாவது மடத்தனம் செய்யும்போது தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். சண்டை போடுங்கள்.)

வியாழன் மதியம் வழக்கம்போல் ராகுகாலப் பொத்தானை அமுக்கினேன். ராகுகாலம் முடிவதற்குள் வானம் கருத்துக் கோடை மழை இறங்கியது. உப்புக் கம்பெனியில் மழை என்றால் முதலாளி, கணக்கப்பிள்ளை என்ற பேதமெல்லாம் இல்லை. எல்லோரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உப்புக் குவியல்களை மூட ஓடினோம். நனைந்து திரும்பி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பொத்தானைத் திரும்ப அமுக்கவில்லை. அமுக்கவில்லை என்கிற நினைப்பும் இல்லை. மறுநாள் திறந்தாலும் அந்தப் பொத்தான் விட்ட இடத்தில்தான் நிற்கும் என்பது, மாடியில் படித்த எனக்குத் தெரியாது.

வெள்ளி காலை நல்ல நேரத்தில் மானிட்டருக்குத் திருநீறு பூசினேன். சூடம் காட்டினேன். சான்றிதழ்களை இணைத்து, 'சென்ட்' அமுக்கினேன். மெயில் திரையிலிருந்து மறைந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"போயிருச்சாய்யா?" என்று போனில் சுகன்யா.

"போயிருச்சு! இந்நேரம் அங்கன படிச்சுக்கிட்டு இருப்பாக."

"கெடைச்சதுன்னு ஒடனே ஒரு பதில் தானா வரும்னு போட்டிருக்காங்களே. வந்துச்சா?"

வரவில்லை. அவள் சொன்னபடி அவுட்பாக்ஸைத் திறந்தேன். கல்யாணத்துக்குக் கிளம்பி வாசலிலேயே நிற்கும் சொந்தக்காரரைப் போல மெயில் அங்கேயே நின்றது.

"அய்யா, ஒண்ணையும் தொடாதீங்க. நான் கெளம்பி வாரேன்" என்றாள். எங்கள் வீடு இருக்கும் ஏர்வாடியிலிருந்து ஆபீசுக்கு பஸ் நினைத்தால்தான் வரும்.

தொடாமல் இருக்க முடியுமா? நான் கொஞ்சம் தெரிந்தவன் அல்லவா?

மெயிலை மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். உப்புக் காற்றில் வயர் முனை பூத்திருக்கும் என்று வேட்டி நுனியால் துடைத்தேன், பிறகு ஊதினேன். மெயில் கனமாக இருக்குமோ என்று சான்றிதழ்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு மெயிலாக அனுப்பினேன். அதுவும் நின்றது. புதிதாக இன்னொன்று அடித்தேன். அதுவும் நின்றது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பணிவாக இருந்தது. கடைசியில் 'கருணை கூர்ந்து' என்றெல்லாம் எழுதினேன். அவுட்பாக்ஸ் ரேஷன் கடை வரிசையாகிவிட்டது. கல்லூரிக்குப் போன் போட்டால், "மெயில்ல வந்தாத்தான் சார் செல்லும்" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு வைத்தாள்.

இதற்குள் ராகுகாலம் தொடங்கிவிட்டது. உள்ளறையிலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"கணேசா, பொத்தான அமுக்கிட்டியா?"

இந்த இடத்தைத்தான் நான் தூக்கம் வராதபோதெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். என் விரல் பழக்கத்தில் அந்தப் பொத்தானுக்கு மேலே போய்விட்டது. அமுக்கியிருந்தால் போதும். நேற்றிலிருந்து அடைத்துக் கிடந்த கதவு திறந்திருக்கும். அத்தனை மெயிலும் அந்த நொடியே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் எனக்கு அப்போது பார்த்து வீரம் வந்துவிட்டது. என் பிள்ளைக்காக ராகுவையே எதிர்ப்பேன், இன்று அமுக்க மாட்டேன் என்று விரலை எடுத்துக்கொண்டேன்.

"அமுக்கிட்டேன் மொதலாளி!" என்று பொய் சொன்னேன்.

செய்யது மாமா காதருகில் வந்து, "ஏன் மாப்ள, ராகு இங்கிலீஷ் மெயிலெல்லாம் படிப்பாரா?" என்றார். நான் சிரிக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்காக முதலாளியை ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது.

சுகன்யா வந்து சேர்ந்தபோது சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டுத் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசியில் யாரோ உப்பு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். தலைமுடியெல்லாம் புழுதி. என்னைப் பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்தாள்.

"இது எதுக்குய்யா ஆஃப்லைன்ல இருக்கு?"

"அது ராகுகாலப் பொத்தானும்மா. அத நான் இன்னைக்குத் தொடவே இல்ல."

அவள் தொட்டாள். ஒரே அமுக்கு. விஷ்க், விஷ்க், விஷ்க் என்று அவ்வளவு மெயிலும் என் கண் முன்னாலேயே பறந்தன. சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாடா! ராகுகாலம் முடிஞ்சதும் எப்பிடிப் போகுது பாரு!"

பதில் அன்று மாலையே வந்தது. நேரம் கடந்துவிட்டதால் இடம் அடுத்தவருக்குப் போய்விட்டதாம். ஒரே மெயிலைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் முதலாளியும் அந்தக் கல்லூரிக்கே நேரில் போய் நின்றோம். காவலாளி தண்ணீர் கொடுத்தார். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

சுகன்யா பிறகு பக்கத்துக் கல்லூரியில் வணிகவியல் படித்தாள். முதலாளி மனம் கேட்காமல், படிப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்தார். என்னை எடைமேடைக்கு மாற்றினார். செய்யது மாமாவுக்குத் துணையாக லாரி எடையைப் பார்த்துச் சொல்கிறேன். கடலைப் படிக்கப் போக வேண்டியவள், கடலைக் காயவைத்து விற்கும் ஆபீசில் மெயில் பார்க்கிறாள். உப்புக்கு என்ன விலை என்று கேட்பவர்களுக்கு அவள் எழுதும் பதில், என் காலத்துப் பதிலைவிட நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள்.

முதலாளி இன்னமும் உள்ளறையிலிருந்து கேட்கிறார். "பொத்தான அமுக்கிட்டியாம்மா?" அவள், "அமுக்கிட்டேன் மொதலாளி" என்கிறாள். அமுக்குவதில்லை.

அது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வெள்ளிக்கிழமை தவறாமல், ராகுகாலத்தின் நடுவில், எடைமேடையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, போனில் அந்தக் கம்பெனி மெயிலிலிருந்து ஒரு மெயில் வரும். உள்ளே ஒன்றும் இருக்காது. தலைப்பில் மட்டும், 'போயிருச்சாய்யா?' என்று இருக்கும். நான் உடனே, 'வந்துருச்சும்மா' என்று பதில் போட வேண்டும். செய்யது மாமா எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். வீட்டில் வள்ளியும் இதைச் சொல்லித்தான் வந்தவர்களைச் சிரிக்க வைப்பாள். நானும் சிரிப்பேன்.

எடைமேடை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆபீசில் அவள் முகம் நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் மட்டும் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.