சந்தேகம் வராத பூங்காவனம்

ஒரு காட்டில், இருந்த மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு ஒரு பல்கலைக்கழகம் கட்டியிருந்தார்கள். அங்கே மரங்களைப் பற்றிப் படிக்கும் துறைக்குத்தான் கட்டடம் பெரிது. அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்தாள் பூங்காவனம் என்கிற இளம் எருமை.

பூங்காவனம் லேசுப்பட்டவள் இல்லை. சுற்றிலும் முள்வேலி போட்ட உறைவிடப் பள்ளியில் படித்து, எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கியவள். பகலில் பாடத்தை முழுசாக விழுங்குவாள். பிறகு சாவகாசமாகப் படுத்து அசைபோடுவாள். பரீட்சை அன்று காற்புள்ளி, அரைப்புள்ளி எதையும் விடாமல் கக்கிவிட்டு வந்துவிடுவாள். வாத்தியார்கள் கோபத்தில் வகுப்பையே "எருமை, எருமை" என்று திட்டும்போது இவள் மட்டும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பாள். ஊர் எல்லையில் அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர் இன்னும் தொங்குகிறது. கொம்பு முளைக்காத வயதில் எடுத்த படம் என்பதால் பாவம், ஆடு மாதிரி இருப்பாள்.

வழியனுப்ப வந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இந்த செமஸ்டர் பாஸ் பண்ணுனா மேல படி. இல்லன்னா கல்யாணத்த முடிச்சி பால் சொசைட்டியில சேத்துவுட்டுருவேன். ஒங்க பெரியம்மா மக அங்கதான் ரெண்டு வேளையும் பால் ஊத்துறா. ஒரு கொறையும் இல்ல."

பால் சொசைட்டி என்றாலே பூங்காவனத்துக்கு ஆகாது. அவளுக்கு நிஜமாகவே படிக்க ஆசை.

முதல் வகுப்பு குளத்தியல். எடுத்தவர் பேராசிரியர் அடைக்கலம் என்னும் ஆமை. அவர் திங்கட்கிழமை ஆரம்பித்த வாக்கியம் புதன்கிழமைதான் முடியும். வந்து நின்றார், பேர் கூப்பிட்டு முடித்தார், எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், "புரிஞ்சுதா?" என்றார்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு. பூங்காவனம் எழுந்து நின்று, கூரை அதிர, "புரிஞ்சுது சார்!" என்றாள்.

"நான் இன்னும் பாடமே ஆரம்பிக்கலையேம்மா. பேர் கூப்பிட்டது எல்லாருக்கும் புரிஞ்சுதான்னு கேட்டேன்."

வகுப்பே சிரித்தது. அடைக்கலம் சிரிக்கவில்லை. "இங்க எழுத்துத் தேர்வு கிடையாது. செமஸ்டர் முடிவுல ஆளுக்கொரு சந்தேகத்தோட குளக்கரைக்கு வரணும். சொந்தச் சந்தேகம். சந்தேகம் இல்லாதவங்களுக்குப் பாஸும் இல்லை" என்றார்.

பூங்காவனத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடை கேட்டால் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் சொல்லுவாள். பிறந்ததிலிருந்து சந்தேகம் என்று ஒன்று அவளுக்கு வந்ததே இல்லையே!

வரவழைத்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள், வானத்தைப் பார்த்தாள், வாலை ஆட்டாமல் நின்றாள். வரவில்லை. நூலகத்துக்குப் போய்க் குளங்களைப் பற்றிய இரண்டு புத்தகங்களை எடுத்துப் படித்தாள். குளத்துக்குத் தண்ணீர் மழையிலிருந்து வருகிறது என்றது ஒன்று. அடியிலிருந்து ஊறி வருகிறது என்றது மற்றொன்று. பூங்காவனம் இரண்டையும் இன்னொரு முறை புரட்டினாள். பிறகு, இரண்டில் ஒன்றில் அச்சுப்பிழை என்று முடிவுகட்டி, இரண்டையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, சந்தேகமே வரமாட்டேங்குது."

"ஒழுங்கா வைக்கோல் தின்னியா? வெறும் வயித்துல எது வரும்?" என்றாள் அம்மா. அடுத்த மூச்சிலேயே, "சொசைட்டியில ஒரு எடம் காலியா இருக்காம். சொல்லிவைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

பூங்காவனம் போனை வைத்துவிட்டு அழுதாள். எருமை அழுதால் லேசில் நிற்காது. அழுத கண்ணோடு வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரன் வேலாண்டி ஒரு முள்ளம்பன்றி. பேனா இரவல் கேட்டால் முதுகைக் காட்டுவான்.

"எதுக்குப் புள்ள அழுவுற? சந்தேகம்தான வேணும்? நம்மகிட்ட கட்டுக்கட்டா இருக்கு" என்று ஒரு கையேட்டை எடுத்துப் போட்டான். *குளத்தியல்: முக்கிய சந்தேகங்கள், விடைகளுடன்*. "மொதப் பக்கத்துல ஸ்டார் போட்டிருக்கு பாரு, அத மட்டும் படி. வருசா வருசம் அதான் கேக்குறாங்க."

பூங்காவனத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நட்சத்திரம் போட்ட சந்தேகத்தை விழுங்கினாள், அசைபோட்டாள், தலைகீழாக ஒப்பித்துப் பார்த்தாள். 'இந்த இடத்தில் தலையைச் சொறிந்துகொள்ளவும்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்ததையும் விடவில்லை.

தேர்வு நாளும் வந்தது. எல்லோரும் குளக்கரையில் வரிசையாக நின்றார்கள். முதலில் மான் போனது. தலையைச் சொறிந்துகொண்டு, "சார், வெயில் காலத்துல குளத்துத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டது. "மேல போய் மேகமாகுது. பாஸ்" என்றார் அடைக்கலம். அடுத்து முயல் வந்து தலையைச் சொறிந்தது. அதே சந்தேகம், அதே மேகம், பாஸ். நரியும் அப்படியே. அடைக்கலத்துக்குக் கண் சொக்கியது.

பூங்காவனம் முன்னே வந்தாள். தலையைச் சொறிந்தாள். "சார், வெயில் காலத்துல..." என்று தொடங்கியவளுக்கு ஊர்க் குளம் ஞாபகம் வந்து தொலைத்தது. வாய் தன்போக்கில் போய்விட்டது.

"சார், எங்க ஊர்ல ரெண்டு கொளம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ரெண்டுக்கும் ஒரே வெயிலுதான். எங்க கொளம் மட்டும் வத்திப்போவுது, அது வத்தமாட்டேங்குது. அது ஏன் சார்?"

அடைக்கலத்தின் கண் திறந்தது. வாய் திறந்தது. பிறகு அவருடைய கழுத்து மெல்ல மெல்ல ஓட்டுக்குள்ளே போய்விட்டது.

பூங்காவனம் பதறிப்போய் ஓட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "சார்! தெரியாம கேட்டுட்டேன் சார்!"

"தெரியாமத்தானேம்மா கேக்கணும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்கும் தெரியாது."

"அப்ப நான் பாஸா, ஃபெயிலா சார்?"

"அதுவும் தெரியாது. கையேட்டுல இல்லாததுக்கு எப்படி மார்க் போடுறதுன்னு கேட்டுத்தான் சொல்லணும்."

அன்றே அவசரக் கூட்டம் கூடியது. ஃபெயிலாக்கினால் திரும்பத் தேர்வுக்கு வருவாள், திரும்பவும் கேட்பாள். பாஸ் போட்டால் இரண்டாமாண்டுக்குப் போய் மற்ற பேராசிரியர்களையும் கேட்பாள். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, துணைவேந்தர் யானை துதிக்கையைத் தூக்கினார்.

"அவளையும் பேராசிரியரா ஆக்கிடுங்கய்யா. நம்மள்ல யாராச்சும் இதுவரைக்கும் ஒரு சந்தேகம் கேட்டிருக்கோமா?"

யாரும் கேட்டதில்லை. சாயங்காலத்துக்குள் பூங்காவனத்துக்குப் பட்டம் கொடுத்து, கறுப்பு அங்கியும் போர்த்திவிட்டார்கள். அவள் நிறத்துக்கு அங்கி போட்டதே தெரியவில்லை. அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சொசைட்டிக்காரர்களைக் கூப்பிட்டு, இனிமேல் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் குளக்கரையில் பேராசிரியர் பூங்காவனத்தின் முதல் வகுப்பு. முன்வரிசை அணில் ஒன்று தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தது.

"மிஸ், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குளம் இருந்தா, ஒண்ணு மட்டும் ஏன் மிஸ் வத்துது?"

வேலாண்டி முந்தின நாளே புதுப் பதிப்பு போட்டுவிட்டான்.

பூங்காவனம் கழுத்தை உள்ளே இழுத்துப் பார்த்தாள். எருமைக்கு ஏது ஓடு? அப்படியே பின்னால் நடந்து, குளத்தில் இறங்கி, மூக்கு மட்டும் தெரிய மூழ்கிவிட்டாள். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. மாணவர்கள் மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

நீதி: கேள்வி கேட்கிறவர்கள் என்றைக்காவது பேராசிரியர் ஆகிவிடுவார்கள், ஆகையால் பிள்ளைகளே, ஒளிந்துகொள்ள வசதியுள்ள துறையாகப் பார்த்துச் சேருங்கள்.