புறோக்கர் அண்ணையும் இடக்கை மாப்பிள்ளையும்

வலிகாமத்தில் கலியாணம் பேசிவைக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் வட அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்போல் வீரர் ஒருவர் அடுத்த வருடம் எந்த அணிக்குப் போவார் என்று சொல்லக்கூடிய கலியாணப் புறோக்கர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இணுவிலில், இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறார். பேஸ்போல் ஆட்டம் ஒன்றை முழுதாகப் பார்த்தவரில்லை. பந்து கையில் கிடைத்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எட்டு வயது முதல் எண்பது வயது வரை எல்லோருக்கும் அவர் புறோக்கர் அண்ணை. வேறு பெயர் இருந்ததா என்று எங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாது.

நாங்கள் எட்டுப் பேர் என்பது அதே மாடியின் மறுபாதி. கனடாவில் இருக்கும் ஒருவர் தன் நகரத்துப் பேஸ்போல் அணிக்காக ஒரு செய்தித்தளம் நடத்துகிறார். அதன் செய்திகளைச் சரிபார்த்து ஏற்றுவது எங்கள் வேலை. கணினிப் பொறியியல் படித்துவிட்டு இணுவிலில் இருந்து பேஸ்போல் பார்ப்பதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாங்கள் பார்ப்பது பேஸ்போல் அல்ல, பேஸ்போல் இல்லாத காலம். அங்கே பனி கொட்டும் மாரியில் ஒருவரும் விளையாடுவதில்லை. ஆனால் செய்தி அப்போதுதான் அதிகம். யாருக்கு ஒப்பந்தம் முடிந்தது, யாரைக் கொடுத்து யாரை எடுத்தார்கள், யாருக்கு முழங்கையில் சத்திரசிகிச்சை என்று நாள் முழுக்க வரும். அங்கே இரவு என்றால் இங்கே காலை. ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கிவிடுவோம்.

இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்று. கூரை வரை போகாது. எந்தச் செய்தியையும் ஏற்றுமுன் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் திரையில் சரிபார்க்க வேண்டும் என்பது நான் வைத்த விதி. காற்புள்ளி, முற்றுப்புள்ளிகூட வாய்விட்டுச் சொல்லவேண்டும். என்னோடு சரிபார்ப்பவள் மயூரி. மூன்றாவதாக ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது முதல் மாரியில்தான் தெரிந்தது.

இளம் வீரர்கள் இருவரைக் கொடுத்து அனுபவசாலி ஒருவரை எடுத்த செய்தியை வாசித்து முடித்திருந்தேன். தடுப்புக்கு மேலால் குரல் வந்தது.

"ரண்டு பெடியளைக் குடுத்து ஒருத்தனையோ? உது மாத்துச் சம்பந்தமெல்லோ பிள்ளை. வாற ஆளுக்கு வயசென்ன?"

"முப்பத்தாறு, அண்ணை."

"ஏமாத்திப்போட்டாங்கள்."

அன்று தொடங்கியது. வீரர்களுக்கெல்லாம் எங்களைக்கொண்டு எழுதுவித்து அவர் கோப்புப் போட்டார். பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாம் இணையத்தில் இருக்க, பிறந்த நேரம் மட்டும் இல்லாதது அவரை மிகவும் வருத்தியது. "நேரம் போடாமல் உதென்ன விபரம்? பொறுப்பில்லாத சனம்" என்பார். பங்குனி முடிந்து ஆட்டங்கள் தொடங்கினால் கோப்புகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். கேட்டால், "கலியாணம் முடிஞ்சாப் பிறகு புறோக்கருக்கு அங்கை என்ன வேலை?" என்பார்.

ஒருநாள் மருமகன் தேடி வந்த வட்டுக்கோட்டை அம்மா ஒருவர், மேசையில் கிடந்த ஆறடி நான்கங்குல வீரரின் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டார்.

"உந்தப் பெடியன் ஆர்? முகம் நல்லாயிருக்கு."

"உவன் சரிவரான் அக்கா. போன வருசம் தோள்மூட்டு விலகினவன். வருசத்துக்கொரு ஊர் மாறுறவன்."

அந்த அம்மா படத்தைக் கவலையோடு திருப்பி வைத்தார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் சாதகக் குறிப்புக் கொண்டுவந்தாலும் தான் வாங்கிப் பார்க்கமாட்டார். கொண்டுவந்தவரையே வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்பார். "வாசிக்கிற குரலிலை எல்லாம் பிடிபடும்" என்பார். தொழில் நுட்பம் என்று நானும் நம்பியிருந்தேன்.

போன மாரியின் தொடக்கத்தில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். வீரர் ஒருவர் எங்கள் அணியில் சேர்ந்துவிட்டார் என்று ஏற்றினோம். மருத்துவப் பரிசோதனையில் அது முறிந்துபோனது. மற்றத் தளங்கள் எங்கள் பக்கத்தைப் படம்பிடித்துப் போட்டுச் சிரித்தன. கனடாக்காரர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தங்கச்சி, இன்னொரு பிழையெண்டால் எங்கடை அலுவல் அதோடை சரி" என்று மட்டும் சொன்னார். எட்டுப் பேரில் மூன்று பேருக்கு வீட்டில் வேறு உழைப்பு இல்லை. நான் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதித் திரைக்கு மேலே ஒட்டினேன். அணி அறிவித்ததா? வீரரின் முகவர் சொன்னாரா? ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு மூலங்கள் உண்டா? மூன்றில் ஒன்றுக்காவது 'ஓம்' என்று பதில் வராமல் எதுவும் ஏறக்கூடாது.

பிறகு அந்தக் காலை வந்தது.

அந்த மாரியில் எல்லோரும் தேடிய ஆள் ஓர் இடக்கைப் பந்தெறிபவர். ஒப்பந்தம் முடிந்து விடுபட்டு நின்றார். ஏழு இருபதுக்கு மயூரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். இடக்கைக்காரரும் மனைவியும் எங்கள் அணியின் ஆட்களோடு உணவகத்தில் இருக்கும் படம் ஒன்று வெளியாகியிருந்தது. "முடிந்தது, கையெழுத்து வைத்துவிட்டார்" என்று ஒரு தளம் போட்டது. ஐந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு.

நான் பட்டியலைச் சத்தமாக வாசித்தேன். "அணி அறிவித்ததா? இல்லை. முகவர்? இல்லை. இரண்டு மூலங்கள்?" மூன்று தளங்களையும் திறந்து பார்த்தோம். இரண்டாவது முதலாவதைப் பார்த்து எழுதியிருந்தது. மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து. "ஒன்றுதான். இல்லை."

தொலைபேசி அடித்தது. கனடாக்காரர் பனியில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"தங்கச்சி, ஊரெல்லாம் போட்டிட்டுது. ஏன் நீங்கள் இன்னும் போடேல்லை?"

"அண்ணா, உறுதியில்லை. மூண்டும் ஒரே இடத்துச் செய்தி."

"படம் கிடக்கு. இதுக்கு மேலை என்ன உறுதி? இந்த மாரியிலை பெரிய செய்தி இதுதான். இதிலை பிந்தினால் பிறகு எனக்கேன் நீங்கள்?"

"பிழைச்சால்?"

"பிழைச்சாலும் நீங்கள் தான்."

பிழைவிட்டாலும் வேலை போகும், பிந்தினாலும் போகும். விரல் சுட்டியின் மேல் இருந்தது. என் பட்டியலில் இந்த நிலைமைக்கு ஒரு வரி இல்லை.

அப்போதுதான் எங்கள் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மூன்று வருடத்தில் புறோக்கர் அண்ணை தடுப்பைத் தாண்டி வந்தது அன்றுதான். நேரே என் திரைக்கு வந்தார். குனிந்து படத்தை உற்றுப் பார்த்தார்.

"பெண்சாதி கை நனைக்கேல்லை" என்றார்.

எங்கள் ஊரில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள். சோறு தின்னமாட்டார்கள். பேச்சு முற்றாகும்வரை அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. வெறும் தேத்தண்ணியோடு எழும்பிப் போனால் இன்னும் ஒன்றும் முடியவில்லை என்று அர்த்தம்.

"ஆரது கதைக்கிறது?" என்றது தொலைபேசி.

புறோக்கர் அண்ணை அதைத் தூக்கி வாயருகே வைத்துக்கொண்டார். "தம்பி, நீர் சுன்னாகம் சந்தைக்குப் பின்பக்கம், மதிலோடை ரண்டு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிண்ட வீடெல்லோ?"

"ஓம்."

"உம்மடை கொக்காவுக்கு முதல் வந்த கலியாணப் பேச்சுக்கால் நினைவிருக்கோ? வந்தவை தேத்தண்ணியோடை எழும்பிப் போனவை. கை நனைக்கேல்லை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு நான் தலைப்பாடாய் அடிச்சனான். கொப்பர் கேட்டவரோ? சந்தையிலை நிண்டு சுன்னாகம் முழுக்கச் சொன்னவர். பிறகு என்ன நடந்தது?"

தொலைபேசியை இன்னும் கிட்டப் பிடித்துக்கொண்டு அவரே சொன்னார்.

"கொக்கா ஒரு வருசம் கோயிலுக்கும் போகேல்லை தம்பி."

மூன்று வருடமாக இந்த மனிதருக்கு எங்கள் முதலாளி யாரென்றும், அவருடைய அக்காவின் கலியாணப் பேச்சைத் தகப்பன் எப்படிக் குழப்பினார் என்றும் தெரிந்திருக்கிறது. ஒருநாள்கூட வாய் திறந்ததில்லை.

"நான் வீட்டை போக நாப்பது நிமிசம்" என்றார் கனடாக்காரர், குரல் இறங்கி. "அதுக்குள்ளை ஒரு முடிவும் வராட்டில் நானே போடுவன். நீங்கள் எல்லாரும் வேறை வேலை பாருங்கோ." தொடர்பு அறுந்தது.

நாற்பது நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்று அறிந்தேன். மயூரி இரண்டு நொடிக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்தாள். நான்காவது தளமும் ஐந்தாவது தளமும் போட்டன. எங்கள் வாசகர்கள் தூங்குகிறீர்களா என்று எழுதத் தொடங்கினார்கள். புறோக்கர் அண்ணை பிளாஸ்ரிக் கதிரை ஒன்றில் நிமிர்ந்து இருந்தார். காதோரம் வியர்வை இறங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கொடிகாமத்திலிருந்து ஒரு தம்பதி, மகளின் குறிப்போடு அவரைத் தேடி வந்தார்கள்.

"கொஞ்சம் இருங்கோ. இஞ்சை ஒரு மாப்பிள்ளை விசயம் இழுபடுது."

அவர்களும் கதிரை இழுத்துப்போட்டு எங்களோடு திரையைப் பார்த்தார்கள்.

"பெடியன் வெளிநாடோ?" என்று கேட்டார் தாய்.

"அமெரிக்கா."

"என்ன பிரச்சினை?"

"ரண்டு மூண்டு வீட்டிலை கேக்கினம். ஆள் இடக்கை."

"இடக்கையோ? அப்ப யோசிக்கத்தான் வேணும்" என்றார் தந்தை.

முப்பத்தொன்று. முப்பத்துநான்கு. முப்பத்தாறாவது நிமிடம் மயூரி புதுப்பிப்பதை நிறுத்தினாள்.

வேறோர் அணி, எங்கள் அணியே அல்ல, தன் சொந்தப் பக்கத்தில் அறிவித்திருந்தது. இடக்கைக்காரர் அவர்களிடம் கையெழுத்து வைத்துவிட்டார். அது பெண்சாதியின் ஊர் அணி. ஐந்து தளங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் செய்தியை அழித்தன. நான் பட்டியலின் முதல் வரிக்கு 'ஓம்' என்று சொல்லி, காற்புள்ளி முற்றுப்புள்ளியோடு வாசித்து, ஏற்றினேன்.

"முறிஞ்சு போச்சோ?" என்று கவலையோடு கேட்டார் கொடிகாமத்து அம்மா.

"நல்லதுக்குத்தான்" என்றார் புறோக்கர் அண்ணை.

கனடாக்காரரிடமிருந்து ஒரேயொரு வரி வந்தது: "அந்த ஐயாவுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுங்கோ."

தேத்தண்ணி வந்து பாதி குடித்தும் ஆயிற்று. மயூரி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். இடக்கைக்காரரின் மனைவிக்கு முன்னால் கோழி எலும்புகள் குவிந்திருந்தன. கையில் ஐஸ்கிறீம் கரண்டி. வாயும் நிறைந்திருந்தது.

"அண்ணை," என்றேன். "அவ நல்லாய்ச் சாப்பிட்டிருக்கிறா."

"அப்பிடியோ?"

"நீங்கள் வடிவாய்ப் பாத்தனீங்கள் தானே?"

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். தடுப்பைப் பார்த்தார். கொடிகாமத்துக்காரர் மறுபக்கம் போய்விட்டார்களா என்று உறுதிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணாடி வீட்டிலை பிள்ளை. எனக்கு உதிலை ஒரு வெள்ளை மேசைதான் தெரிஞ்சது."

"பிறகென்னெண்டு சொன்னனீங்கள்?"

"நீர் லிஸ்ற் வாசிக்கேக்கை கேட்டனான். மூண்டுக்கும் இல்லையெண்டுதானே சொன்னனீர். நீர் இல்லையெண்டால் இல்லைதான். ஆனால் நீர் சொன்னால் உவன் கேளான். கை நனைக்கேல்லை எண்டால் சுன்னாகத்தான் எவனும் கேப்பான்."

குறிப்புகளை அவர் ஏன் மற்றவர்களைக்கொண்டு வாசிப்பிக்கிறார் என்பதும் அந்தக் கணம்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் எட்டுப் பேருக்கும் வேலை இருக்கிறது. பட்டியலில் நான்காவது வரியாகக் 'கை நனைத்தார்களா?' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். கனடாக்காரரே கேட்கிறார், தவிர்க்க முடியவில்லை. இந்தக் கதை அச்சாகும் இதழ் வந்ததும் புறோக்கர் அண்ணையிடம் ஒரு பிரதி கொடுப்பேன். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார், வாங்கி மேசையில் வைத்துவிடுவார். அதனால் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து, காற்புள்ளி முற்றுப்புள்ளியோடு, அவருக்குக் கேட்கும்படி முழுதும் வாசிக்கப் போகிறேன்.