படிக்காமல் போட்ட கையெழுத்து

ஏழு மலைக்கும் ஒரு சுங்கச்சாவடிக்கும் அப்பால் வடமேழி என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே மழையையும் வெயிலையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கலாசாலையில் சேர ஆசிரியரின் கடிதம் வேண்டும். அரசருக்கும் விலக்கில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ‘இவரே தொடரலாம்’ என்று குடிமக்கள் கையெழுத்திட்ட கடிதம் வந்தால்தான் அவர் அரியணையில் நீடிக்கலாம்.

அந்நாட்டுத் தலைநகரில் இருபத்தாறு ஆண்டுகளாக மூலிகைப் பாடம் நடத்தும் மங்களநாதன் நான். நடத்திய பாடத்தைவிடக் கொடுத்த கடிதம் அதிகம். கடிதம் கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.” அவர்களும் தங்களைப் பற்றித் தாங்களே வாயாரப் புகழ்ந்து எழுதி வருவார்கள். நான் படிப்பதில்லை. படித்தால், இப்பேர்ப்பட்ட மேதைகளுக்கா நாம் பாடம் எடுத்தோம் என்று பயம் வந்துவிடும்.

இந்த முறையைச் சீர்திருத்துவதற்காகப் பரிந்துரைத் துறை அமைச்சர் நாவுக்கினியார் ஓர் ஆணை பிறப்பித்தார். இனிமேல் கடிதத்திலுள்ள முத்திரையின் அகலத்துக்கேற்ப மதிப்பெண். ஆசிரியர்களின் முத்திரை புளியங்கொட்டை அளவு. யானைக் கொட்டடி மேற்பார்வையாளரின் முத்திரையோ தோசைக்கல் அளவு. பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கொட்டடிக்கு ஓடினார்கள். அங்கே வரிசையில் நின்றதில் பாதிப் பிள்ளைகள் தேர்வைத் தவறவிட்டார்கள்.

கடிதங்களில் பொய்ப் புகழ்ச்சி மலிந்துவிட்டதாகப் புகார் எழுந்தது. உடனே இரண்டாவது ஆணை வந்தது. பணிவு, சுறுசுறுப்பு, நேரந்தவறாமை என்று பதினொரு சொற்கள் அங்கீகரிக்கப்பட்டன. எல்லாக் கடிதத்திலும் பதினொன்றும் இருக்க வேண்டும், பன்னிரண்டாவது கூடாது. எல்லாக் கடிதங்களும் ஒன்றுபோல ஆகிவிட்டதால், தேர்வுக்குழு தாளின் கனத்தைப் பார்த்து இடம் ஒதுக்கியது. இந்தச் சீர்திருத்தத்துக்கு நன்றி தெரிவித்து ஆசிரியர் சங்கம் தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவன் அடியேன்.

அந்தச் சமயத்தில்தான் பொன்னுருவி வந்தாள். மதகுக் காவலரின் மகள். அவள் ஊரில் வைத்தியர் கிடையாது. அவளுடைய அம்மா வைத்தியரைத் தேடிப் போன வழியில் மாட்டுவண்டியிலேயே இறந்துபோனார். அவளுக்கு மருத்துவக் கலாசாலையில் ஓர் இடம் வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

“நீயே எழுதிட்டு வாம்மா” என்றேன்.

“என்னைப் பத்தி நானே எழுதினா அது எப்படிங்கய்யா உங்க கடிதமாகும்? ரெண்டு வரி போதும். உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க.”

எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. பெயரையே அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். “எங்கிட்ட ஏம்மா வந்தே? கொட்டடிக்குப் போயிருக்கலாமே.”

“கீழாநெல்லிக்குக் காய் இலைக்கு மேல இருக்கும்னு வகுப்புல சொன்னீங்க. நான் செடியைப் பிடுங்கிட்டு வந்து, கீழ இருக்குன்னு காட்டினேன். மத்தவங்கன்னா வெளியே அனுப்பியிருப்பாங்க. நீங்க ‘சரி, உட்காரு’ன்னீங்க.”

நினைவு வந்தது. அப்போது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செடியின் பெயரிலேயே விடை இருக்கிறது. நான் இருபத்தாறு ஆண்டுகளாக மேலே என்றேன், ஒரு வகுப்பும் செடியைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக உட்கார்ந்து இரண்டு வரி எழுதினேன்: ‘இந்தப் பெண் பிறர் சொன்னதை அப்படியே நம்பாமல் போய்ப் பார்க்கிறாள். நான் தவறாகச் சொன்னேன், இவள் திருத்தினாள்.’

அடுத்த வாரம் அமைச்சர் என்னை அழைத்தார்.

“மங்களநாதனாரே, பதினொரு சொற்களில் ஒன்றுகூட இதில் இல்லை. ‘திருத்தினாள்’ என்பது பட்டியலிலேயே கிடையாது. தவிர, தவறு செய்ததாகத் தாமே ஒப்புக்கொள்ளும் ஆசிரியரின் பரிந்துரை எவ்வாறு செல்லும்? குழு ஆழ்ந்து பரிசீலித்து ஆழ்ந்து வருந்துகிறது.”

“ஐயா, நல்லாப் படிக்கிற பொண்ணு…”

“வழி இல்லாமல் இல்லை. இது அரசருடைய கடித ஆண்டு. அரசரின் கடிதத்தில் கையெழுத்திடுவோரின் மற்றக் குறைகள் கண்டுகொள்ளப்பட மாட்டா. அந்தப் பெண்ணை வரிசைக்கு வரச் சொல்லும்.”

அரசரின் கடிதத்தை எழுதவேண்டியவர்கள் குடிமக்கள். ஆனால் அரண்மனை ஆட்கள் வந்து கேட்டபோது, நாடு முழுவதும் ஒரே பதில்தான் வந்தது: “நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றோம்.” எல்லாரும் எங்களிடம் படித்தவர்கள். அரண்மனையும் சிரமம் பாராமல் நாற்பது பக்கம் எழுதிக் கொண்டுவந்தது.

கையெழுத்து நாளன்று மைதானத்தில் பொன்னுருவிக்கு முன்னால் நான் நின்றேன். நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து அழகாக இருப்பதாக அதிகாரி பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“போட்டுடும்மா, சீட்டு கிடைச்சிடும்” என்று பேனாவை அவளிடம் கொடுத்தேன்.

அவள் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். “ஏம்மா, பரீட்சைக்கா படிக்கிறே? வெயில்ல நிக்கிறோம்ல” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் நிமிரவில்லை. முப்பத்தேழாம் பக்கத்தில் நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: “‘இனி வருங்காலத்தில் அரசருக்கு இத்தகைய கடிதம் தேவையில்லை என்று, கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் ஒருமனதாகப் பரிந்துரைக்கிறோம்.’”

அதிகாரியைப் பார்த்தாள். “இது தெரிஞ்சுதான் எல்லாரும் போட்டிருக்காங்களா?”

அதிகாரி என்னைப் பார்த்தார். என் மை இன்னும் காயவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் என் கையெழுத்தை அடித்துவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விடுமே.

“எனக்கு அரசரைத் தெரியாதுங்க” என்று சொல்லிப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். இடமும் அத்தோடு போயிற்று. அவளுக்குப் பின்னால் நின்றவர் அந்தப் பேனாவை எடுத்தார். பிறகு வரிசை நகர்ந்தது.

அன்று மாலையே மைதானத்துப் பேனாக்கள் அனைத்தும் சேகரிக்கப்பட்டன. இனி குடிமக்களுக்கு அவற்றைத் தூக்கும் சிரமம் இருக்காது என்று அமைச்சர் விளக்கினார். நாங்கள் கைதட்டினோம்.

மலைக்கு அந்தப் பக்கம் உள்ள மருத்துவக் கலாசாலைத் தலைவர் அவர்களே, விண்ணப்பிப்பவரை அறிந்த ஒருவரின் கடிதம் ஒன்று போதும் என்று தங்கள் அறிவிப்பில் கண்டேன். அந்தக் கடிதம் இதுதான். நானே எழுதினேன். அவளைப் புகழ அந்தப் பதினொரு சொற்களை எங்கும் போடவில்லை. முத்திரையும் இல்லை, பேனாக்களோடு அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

பரிந்துரைக்க எனக்கு என்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம். இதுவரை ஆயிரத்து நானூறு மாணவர்களையும் ஓர் அரசரையும் பரிந்துரைத்திருக்கிறேன். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. இந்தப் பெண்ணைத் தெரியும்.