பின்னால் பார்த்த பரசுராமன்

“வா... வா... வா... இன்னும் வா...”

நாகபூஷணத்தின் குரல் முஜீப் பாய் வீட்டு மதில் சரிந்த சத்தத்தில்தான் நின்றது.

ஜீப்பிலிருந்து குதித்து இறங்கிய பரசுராமன் மனைவியை முறைத்தார்.

“வா வான்னு சொன்னியே!”

“நில்லுன்னுந்தான் சொன்னேன். உங்க ஜீப்பு போடற சத்தத்துல எது காதுல வுழுது?”

முஜீப் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கீழே கிடந்த செங்கல்லைப் பார்த்தார். ஜீப்பின் வாலில் கோர்த்திருந்த அந்தப் பெரிய வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார்.

“அண்ணே, செவுத்த கட்டிக் குடுத்துடுவீங்க, தெரியும். ஆனா இன்னொரு வாட்டி எதையாவது இடிச்சீங்க, இந்த டப்பா ஊடு நம்ம சந்துல நிக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

பரசுராமன் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உச்சியில் கூண்டில் உட்கார்ந்து, கொதிக்கிற இரும்புக் குழம்பைச் சொட்டுச் சிந்தாமல் இறக்கி வைத்த கை. ஆனால் கூண்டிலிருந்து குனிந்தால் எல்லாமே தெரியும். பொன்னேரியில், இரண்டு மாட்டு வண்டி ஒதுங்க முடியாத சந்தில், முதுகுக்குப் பின்னால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு பின்னோக்கிப் போவது வேறு கலை.

அந்த டப்பா வீடு, ஆலை கட்டிய காலத்தில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்குவதற்காக வந்தது. சக்கரத்தின் மேல் குட்டியாக ஒரு வீடு. மடக்குக் கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. கல்யாணமான புதிதில் நாகபூஷணத்தை ஆலை ஆயுதபூஜைக்கு அழைத்துப் போனபோது, அவள் அந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல குந்திக்கினே ஊரு ஊரா போனா எப்டி இருக்கும்!” என்றாள்.

“கூட்டினு போறேன்” என்று இவரும் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் ஷிப்டு, பிள்ளைகள், மறுபடியும் ஷிப்டு. 2003-ல் ஆலை பழைய சாமான்களைக் கழித்தபோது, ஷெட்டுக்குப் பின்னால் முள்ளுக்குள் கிடந்த அதைக் கண்டதும் பரசுராமனுக்கு அன்று சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. வீட்டில் யாரையும் கேட்காமல் விலைக்கு வாங்கினார். இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது மட்டும் காரணமில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், மனைவியிடம் பேச ஒன்றுமே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. “மாத்திர போட்டீங்களா?” “போட்டேன்.” அவ்வளவுதான் ஒரு நாள் பேச்சு. ஊர் ஊராகப் போனால் பேச விஷயம் கிடைக்கும் என்று நம்பினார். ஆனால் வண்டி சந்தைத் தாண்டுவதற்குள் இருக்கிற பேச்சும் சண்டையாகிவிடும் போலிருந்தது.

“உன் வாயி வாணாம். நான் கேமரா வச்சுக்கறேன்” என்றார்.

பஜாரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த மோசஸ், கடைகளில் திருடனைப் பிடிக்க மாட்டும் கேமரா ஒன்றைக் கொண்டுவந்து டப்பா வீட்டின் பின்னால் பொருத்தினான். ஒயரை இழுத்து, ஜீப்பின் முன்னால் ஒரு குட்டிக் கறுப்பு வெள்ளை டிவியில் கொடுத்தான்.

“அண்ணாத்த, இனிமே உங்களுக்கு முதுகுல கண்ணு.”

படம் பளிச்சென்று இருந்தது. திரையில் குழாயடி வலது பக்கம் தெரிந்தது. பரசுராமன் வண்டியை இடது பக்கமாக ஒதுக்கினார். குழாய் உடைந்து, தண்ணீர் வேப்பமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது.

“கேமரா பின்னால பாக்குது, நீங்க முன்னால பாக்கறீங்க. அதான் சோத்துக்கை பீச்சாங்கையா மாறிடுச்சு” என்றான் மோசஸ், தலையைத் துவட்டியபடி. “கேமராவ தலைகீழா மாட்டிட்டா சரியாய்டும்.”

மாட்டினான். வலது வலதாயிற்று, இடது இடதாயிற்று. ஆனால் தரை மேலே போய், வானம் கீழே வந்துவிட்டது. தெருநாய்கள் எல்லாம் கூரையில் நடந்தன. பரசுராமனுக்குத் தலை சுற்றியது.

“அப்போ டிவியையும் கவுத்துடலாம்.”

கவிழ்த்தான். தரை தரைக்கு வந்தது. வலது மறுபடியும் இடதுக்குப் போய்விட்டது. இந்த முறை முனையில் பூவம்மாள் இட்லிக்கடை பெஞ்சு போயிற்று. அதில் உட்கார்ந்திருந்தவர் தட்டோடு எழுந்து ஓடியதால் சேதம் பெஞ்சோடு நின்றது.

“பேஜாரு புடிச்ச மனுசன்! நாஷ்டா துன்ன வந்த ஆள தொரத்தறாரு!” என்று பூவம்மாள் கரண்டியோடு வந்துவிட்டாள்.

நாகபூஷணம் வாசலில் நின்று சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்து, பரசுராமன் திட்ட வந்ததை மறந்து நின்றார்.

மோசஸ் ராத்திரியெல்லாம் யோசித்தானோ என்னவோ, காலையில் முகம் மலர்ந்து வந்தான். கேமராவை நேராக்கினான். டிவியைப் பின் சீட்டில், முன்பக்கம் பார்த்தபடி வைத்தான். “கண்ணாடியில பாருங்க அண்ணாத்த!”

ஜீப்பின் கண்ணாடியில், டிவிக்குள், சந்து ஒழுங்காகத் தெரிந்தது. வலது வலதாக, வானம் வானமாக. பரசுராமன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வண்டி ஒரு திருப்பம் திரும்பியது. கொக்கியில் மாட்டி ஒயர் அறுந்தது.

“ஒயரே வாணாம்!” என்று மோசஸ் சபதம் போட்டான். “ஏரியல் வச்சு காத்துலயே படத்த அனுப்பிடறேன். மைக்கும் வச்சுடறேன், பின்னால ஆரனு அடிச்சா கேக்கும். பவரு பத்தலன்னா பூஸ்டரு. சுச்சு இன்னாத்துக்கு? அதுவும் ஒருநாள் ரிப்பேராவும். நேரா பேட்டரிக்கே குடுத்துட்டேன்.”

அன்று பரசுராமன் வண்டியைப் பின்னால் எடுத்து, எதிலும் உரசாமல், தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சந்தே கைதட்டியது.

ஆனால் பயணம் புறப்படவில்லை. அதற்குள் அதிசயம் ஒன்று நடந்தது.

மறுநாள் சாயங்காலம் டப்பா வீட்டுக்குப் பின்னால், வாசலில் இரண்டு நாற்காலி போட்டுப் பரசுராமன் உட்கார்ந்திருந்தார். நாகபூஷணம் முதலில் பழைய நைட்டியில்தான் வந்தாள். வாளி வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனவள், திரும்பி வரும்போது ஒரு தினுசாக வந்தாள். விறுவிறுவென்று உள்ளே போய், கத்தரிப்பூ நிறப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“இன்னா விசேசம்?” என்றார்.

“உங்களாண்ட பேச விசேசம் வோணுமா?” என்றாள், கொஞ்சம் குழைந்து.

பேசினாள். ஆலை சைரன் கேட்டதும் உலை வைத்த நாட்களைப் பேசினாள். மழையில் கடைசி ரயிலை விட்டுவிட்டு, அவர் கும்மிடிப்பூண்டியிலிருந்து தண்டவாளத்தோடு நடந்தே வந்ததையும், அவர் சட்டைக்குள் நனையாமல் ஒரு பொட்டலம் பக்கோடா இருந்ததையும் சொன்னாள். அவரே மறந்து போயிருந்த அந்த வாலிபப் பரசுராமன் எழுந்து வந்து எதிரில் நின்றான்.

“அந்த பக்கோடாவ நீ துன்னவேயில்ல பூஷணம். பார்த்துக்கினே இருந்த.”

“உங்களத்தான் பார்த்துக்கினு இருந்தேன்” என்றாள். பரசுராமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு புடவை, ஒரு கதை. சண்டை என்பதே மறந்துபோயிற்று. இவர் பேச்சுக்கு அவள் “நீங்க சொன்னா சரிதாங்க” என்றுகூட ஒருநாள் சொன்னாள். சந்தும் அந்த நேரத்தில் அடங்கிக் கிடந்தது. ஓர் ஆள் வெளியில் இல்லை.

“பழவேற்காடு ஏரிக்கு நாளைக்குக் கெளம்பலாமா?” என்று கேட்டார்.

“இன்னாத்துக்கு அவசரம்? இங்கயே நல்லாத்தானே கீது?” என்றாள்.

அதைவிட வேறென்ன வேண்டும்? முஜீப் பாய்கூட மனம் மாறி, “வண்டி அங்கயே நிக்கட்டும்ண்ணே. எடுத்துடாதீங்க” என்றார்.

மறுநாள் காலை, மாப்பிள்ளை நடையில் பரசுராமன் இட்லி வாங்கப் போனார். இந்த வயதில் இப்படியொரு வாழ்வு யாருக்குக் கிடைக்கும்! பூவம்மாள் புது பெஞ்சைத் துடைத்து, உட்காரவைத்து, கெட்டிச் சட்னியாக ஊற்றிக் கட்டினாள். பொட்டலத்தை நீட்டியபடி சொன்னாள்:

“அண்ணே, அக்காவாண்ட நேத்தே சொன்னேன், மறந்துட்டாங்க போல. இன்னிக்காவது கொஞ்சம் இந்தாண்ட திரும்பிக் குந்தச் சொல்லுங்க. எங்க ஊட்டு டிவியில அவங்க பாதி மூஞ்சிதான் வருது!”